வாக்குச்சீட்டில் ஒரு குடும்பப் பெயர்: அமெரிக்கத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்



தாய்நாட்டை விட்டுக் கடல் கடந்து வந்து, விசாவுக்கும் பச்சை அட்டைக்கும் நெடுங்காலம் காத்திருந்து, இறுதியில் வலது கரத்தை உயர்த்திச் சத்தியப் பிரமாணம் செய்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரஜைகளாகிவிட்ட தமிழ்ப் பெருமக்களாகிய உங்களுக்கு, அவ்வாறே காத்திருந்து அவ்வாறே பிரமாணம் செய்த ஒருவனாகிய நான், தேர்தல் நாளன்று நீங்கள் கையிலேந்தும் வாக்குச்சீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். எனக்குப் பதவி ஆசை கிடையாது. எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்க்கும் நோக்கமும் இல்லை. நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு குறையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்ற எண்ணமே என்னை எழுதத் தூண்டியது.

வாக்குச்சீட்டில் பழகிய குடும்பப் பெயர் ஒன்றைக் கண்டுவிட்டால், அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், இதுவரை அவர் செய்த காரியம் என்ன, இனிச் செய்யப்போவதாகச் சொல்வது என்ன என்று விசாரியாமலே வாக்களித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. ஒரு பொங்கல் விழாவின்போது, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் பரிமாறி முடிந்த பிறகு, பேச்சு அவ்வருடத் தேர்தலின் பக்கம் திரும்பியது. இருதய வைத்தியத்தில் பெயர் பெற்ற பெரியவர் ஒருவர், நோயாளிக்கு ஒரு மாத்திரையை மாற்றித் தருவதற்கு முன்னால் அதைப் பற்றி வந்திருக்கும் ஆராய்ச்சிகளையெல்லாம் படித்துப் பார்க்கும் சுபாவம் உடையவர், "அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பெரிய குடும்பம், பாட்டனார் காலத்திலிருந்து அரசியலில் இருக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்து ஆமோதித்தார்கள். அப்பெரியவரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆகையினாலேயே அவருடைய வார்த்தை என்னை அவ்வளவு வருத்தியது. மாத்திரைக்குக் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையாவது மக்கள் பிரதிநிதிக்குக் காட்டலாகாதா என்று அன்று கேட்கத் துணிவு வரவில்லை. இன்று உங்கள் எல்லோரையும் கேட்கிறேன்.

இந்நாட்டின் அரசியல் சாசனத்தைப் புரட்டிப் பாருங்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகள் எவருக்கும் பிரபுப் பட்டம் வழங்கலாகாது என்று அதன் முதல் ஷரத்திலேயே விதித்திருக்கிறார்கள். மகுடத்தை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்றவர்கள், பிறப்பினால் வரும் அதிகாரம் இம்மண்ணில் முளைக்கவே கூடாது என்று கருதினார்கள். ஆயினும் பட்டம் இல்லாமலே பரம்பரை வந்துவிட்டது. இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் உயிரோடிருந்து காணும்படியாகவே, அவருடைய மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1825இல் ஆறாவது ஜனாதிபதியானார். ஜனாதிபதி வில்லியம் ஹென்றி ஹாரிசனின் பேரன் பெஞ்சமின் ஹாரிசன் 1889இல் அதே மாளிகைக்குள் புகுந்தார். ரூஸ்வெல்ட் என்ற பெயருடைய இருவர் இரண்டு கட்சிகளிலிருந்து வந்து இருபதாம் நூற்றாண்டின் பெரும் பகுதிக்கு உருவம் கொடுத்தார்கள். கனெக்டிகட்டின் செனட்டராயிருந்த பிரெஸ்காட் புஷ்ஷின் மகனும் பேரனும் ஜனாதிபதிகளானார்கள். மற்றொரு பேரன் ஃபுளோரிடாவின் கவர்னரானார். ஒஹையோவின் டாஃப்ட், லூயிசியானாவின் லாங், சிகாகோவின் டேலி, நியூஜெர்சியில் தலைமுறை தலைமுறையாகக் காங்கிரஸுக்குச் சென்ற ஃபிரலிங்ஹைசன் என்று இவ்வரிசை நீண்டுகொண்டே போகும். 2008ஆம் ஆண்டில் ஒரே நாளில் கொலராடோவும் நியூமெக்சிகோவும் யூடால் குடும்பத்துச் சகோதர முறையினர் இருவரைச் செனட்டுக்கு அனுப்பின. இவர்களில் எவரும் வாளேந்தி வந்து ஆசனத்தைப் பிடித்தவரல்லர். உங்களையும் என்னையும் போன்ற வாக்காளர்கள், தங்கள் கையால் குறியிட்டு இவர்களை அமர்த்தினார்கள். பரம்பரையை உண்டாக்கும் சக்தி பெற்றவர் தந்தையோ பாட்டனாரோ அல்லர், வாக்காளரே என்பதனால்தான் இந்தக் குடும்பங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெயர் என்பது எவ்வளவு குருட்டுத்தனமாக வேலை செய்யும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஜான் எஃப். கென்னடி என்ற இளம் செனட்டரின் புகழ் வளர்ந்து வந்த 1954ஆம் ஆண்டில், அதே ஜான் எஃப். கென்னடி என்ற பெயருடைய வேறொருவர், செனட்டருக்கு எவ்வித உறவும் இல்லாதவர், ஜில்லெட் சவரக்கத்தித் தொழிற்சாலையின் சரக்கறையில் வேலை பார்த்தவர், மாநிலப் பொக்கிஷாதிபதி பதவிக்கு நின்று ஜெயித்தார். 1956இலும் 1958இலும் மீண்டும் ஜெயித்தார். ஒரு மாநிலத்தின் கஜானாவை மும்முறை அவரிடம் ஒப்படைத்த ஜனங்கள், அவருடைய யோக்கியதையை ஆராய்ந்து ஒப்படைத்தார்கள் என்று நம்புவது எனக்குச் சாத்தியமாகப்படவில்லை. தொழிலாளியாயிருந்தவர் பொக்கிஷாதிபதியானதில் எனக்கு ஆட்சேபம் துளியும் இல்லை. அவரே நிற்கிறார் என்பதை அறிந்து ஜனங்கள் வாக்களித்திருந்தால் அது இந்நாட்டுக்குப் பெருமையாகவே இருந்திருக்கும். அவரை அறியாமல், அவர் பெயரில் வேறொருவரைக் கண்டு வாக்களித்தார்களே, அதுதான் பயங்கரம்.

இதற்கு நேர் எதிரான விபத்து இல்லினாயில் நேர்ந்தது. 1986 மார்ச்சு மாதத்தில் டெமாக்ரடிக் கட்சியின் பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலில், லிண்டன் லரூஷ் என்னும் தீவிரவாதியின் கூட்டத்தைச் சேர்ந்த மார்க் ஃபேர்சைல்டும் ஜானிஸ் ஹார்ட்டும், கட்சி நிறுத்திய ஜார்ஜ் சாங்மைஸ்டரையும் அவுரேலியா பூசின்ஸ்கியையும் தோற்கடித்துவிட்டார்கள். ஜெயித்தவர்களை யாருக்கும் தெரியாது. தோற்றவர்களின் பெயர்களோ காதுக்குப் பழகாதவை. சுலபமாக உச்சரிக்கத்தக்க பெயர்களை ஜனங்கள் தேர்ந்துகொண்டார்கள் என்பதே அப்போது பலரும் சொன்ன காரணம். அந்த அணியின் கவர்னர் அபேட்சகராகத் தேர்வு பெற்றிருந்தவர் அட்லாய் ஸ்டீவன்சன், அவரே ஒரு பெரும் பெயரின் வாரிசு. தந்தை இருமுறை ஜனாதிபதி பதவிக்கு நின்றவர், கொள்ளுப்பாட்டனார் உப ஜனாதிபதியாயிருந்தவர். லரூஷ் கூட்டத்தாரோடு ஒரே சீட்டில் நிற்க மனம் ஒப்பாமல் அவர் கட்சியின் அணியை விட்டு விலகி, புதுக் கட்சி ஒன்றின் பெயரில் நின்று, நவம்பரில் தோற்றுப்போனார். பெயரைப் பார்த்து வாக்களிக்கும் வழக்கம் பெரும் பெயருடையவரையும் காப்பாற்றுவதில்லை என்பதை இதிலிருந்து நீங்கள் காணலாம்.

இவையெல்லாவற்றிலும் பார்க்க 1962ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் செனட் தேர்தலைப் பற்றித்தான் உங்களிடம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதன் பலன் நம் ஒவ்வொருவருடைய வாழ்விலும் கலந்திருக்கிறது. ஜான் கென்னடி ஜனாதிபதியானதும் அவருடைய செனட் ஸ்தானம் காலியாயிற்று. தம்பி எட்வர்டுக்கு அப்போது 28 வயது. செனட்டில் அமர 30 நிரம்பியிருக்க வேண்டும் என்பது சாசன விதி. ஆகவே ஜனாதிபதியின் கல்லூரி அறைத் தோழரான பெஞ்சமின் ஸ்மித் என்பவர் அந்த ஸ்தானத்தில் அமர்த்தப்பட்டு, தம்பிக்கு வயது வரும் வரையில் அதைக் காத்து வந்தார். வயது வந்தது, தம்பி நின்றார். உதவி அரசாங்க வக்கீலாகச் சில காலம் இருந்ததைத் தவிர அவருக்குப் பொது வாழ்வில் சொல்லிக்கொள்ளத்தக்க அனுபவம் கிடையாது. அவரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்றவர் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் மக்கார்மக். அவரும் பிரதிநிதி சபையின் சபாநாயகருடைய சகோதரர் மகன். தெற்கு பாஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆகஸ்டு மாதத்தில் நடந்த விவாதத்தில் மக்கார்மக், எட்வர்டின் பெயரிலிருந்து கென்னடி என்ற கடைசிச் சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தால் இந்த அபேட்சகத்துவத்தை யார் பொருட்படுத்துவார்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். கேள்வி நியாயமானது. ஜனங்களோ கேள்வி கேட்டவரைக் கடுமையானவர் என்று ஒதுக்கிவிட்டுக் கென்னடியைப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

நவம்பர்த் தேர்தலின் சீட்டைப் பாருங்கள். ரிபப்ளிகன் கட்சியின் அபேட்சகர் ஜார்ஜ் கேபட் லாட்ஜ். அவருடைய தந்தையை 1952இல் எட்வர்டின் அண்ணன் தோற்கடித்திருந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் 1916இல் எட்வர்டின் தாய்வழிப் பாட்டனாரான ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டைத் தோற்கடித்திருந்தார். சுயேச்சையாக நின்ற சரித்திரப் பேராசிரியர் ஸ்டுவர்ட் ஹியூஸோ, பிரதம நீதிபதியாயிருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் பேரன். லட்சக்கணக்கான பிரஜைகள் வாழும் ஒரு மாநிலத்தில், பள்ளி ஆசிரியர்களும் வக்கீல்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் நிறைந்த ஒரு மாநிலத்தில், மக்கள் முன் வைக்கப்பட்ட தேர்வு மூன்று வீடுகளுக்குள் அடங்கிவிட்டது! எட்வர்ட் கென்னடி ஜெயித்தார். 2009இல் இறக்கும் வரையில், 46 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஸ்தானத்தில் இருந்தார்.

இந்த இடத்தில் உங்களில் பலர் என்னைத் தடுத்து நிறுத்துவீர்கள் என்பதை அறிவேன். "அந்தக் கென்னடி அல்லவா நமக்குக் கதவைத் திறந்துவிட்டவர்?" என்பீர்கள். உண்மை, மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், ஒருவன் எந்நாட்டில் பிறந்தான் என்பதைக் கொண்டே அவனை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானித்தது; ஆசியரை ஏறக்குறைய முற்றிலுமாக விலக்கியது. 1946இல் பெரிய சலுகையாக இந்தியாவுக்கு அளிக்கப்பட்ட இடம் ஆண்டுக்கு 100. அந்தச் சுவரை இடித்தது 1965ஆம் ஆண்டுச் சட்டம். அண்ணன் ஜனாதிபதியாயிருந்தபோது காங்கிரஸிடம் வேண்டிய அந்தச் சீர்திருத்தத்தை, அண்ணன் மறைந்த பிறகு செனட்டில் முன்னின்று நடத்தி நிறைவேற்றியவர் 33 வயது எட்வர்ட் கென்னடி. அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் இல்லாவிடில், நம் வைத்தியர்களும் எஞ்சினியர்களும் இவ்வளவு பேர் இங்கே வந்திருக்க இயலாது. அந்த நன்றியை நான் மனமார உங்களோடு சேர்ந்து செலுத்துகிறேன்.

ஆனால் நன்றியை முழுமையாகச் செலுத்துங்கள். அந்தச் சட்டத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ஹார்ட்–செல்லர் சட்டம். இமானுவேல் செல்லர் என்பவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து 1923இல் பிரதிநிதி சபைக்குச் சென்றார். மறு ஆண்டே, 1924ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார், தோற்றார். அன்று முதல் அந்தத் தேசவாரி ஒதுக்கீட்டை எதிர்த்துக்கொண்டே இருந்தார். ஏளனமும் தோல்வியும் மாறி மாறி வந்தபோதும் விடாமல் 41 ஆண்டுகள் போராடி, இந்தியாவுக்கு அந்த 100 இடத்தை வாங்கித் தந்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தம் பெயரைப் பொறித்து, கடைசியில் 1965இல் அந்தச் சுவர் விழுவதைக் கண்டார். அவருக்குப் பாட்டனார் விட்டுச்சென்ற கீர்த்தி ஏதும் இல்லை. நம் வீடுகளில் கென்னடியின் படத்தைக் கண்டிருக்கிறேன். செல்லரின் பெயரைச் சொன்னால் அவர் யார் என்று கேட்கிறார்கள். நமக்காக நாற்பது வருஷம் உழைத்த மனிதரின் பெயரையே அறியாமல், பழகிய பெயருக்கு மட்டும் நன்றி செலுத்தும் மனப்பான்மையும், பழகிய பெயருக்கு மட்டும் வாக்களிக்கும் மனப்பான்மையும் ஒன்றே என்று நினைக்கிறேன். மேலும் அந்தச் சட்டத்தின் ஆத்மாவே, மனிதனைப் பிறப்பிடத்தைக் கொண்டு அளவிடாமல் அவனுடைய திறமையையும் உறவையும் தேவையையும் கொண்டு அளவிட வேண்டும் என்பதுதான். பிறப்பைப் பாராமல் உள்ளே அனுமதிக்கப்பட்ட நாம், உள்ளே வந்த பிறகு பிறப்பைப் பார்த்து வாக்களிப்பது தகுமா?

இவ்வளவும் சொன்னதனால், பெரிய குடும்பத்தில் பிறந்தவர்களையெல்லாம் விலக்குங்கள் என்று நான் கூறுவதாகக் கொள்ளாதீர்கள். அதுவும் பிறப்பைக் கொண்டு தீர்ப்புக் கூறுவதேயாகும். ஜான் குவின்சி ஆடம்ஸ் ஜனாதிபதியாகப் பெரிதாகச் சோபிக்கவில்லை, 1828இல் தோற்றார். தோற்றவர் கௌரவத்தைப் பார்த்து ஒதுங்கிவிடாமல், 1831இல் சாதாரணப் பிரதிநிதியாக அதே காங்கிரஸுக்குத் திரும்பினார். அடிமை முறைக்கு எதிரான மனுக்களைச் சபையில் படிக்கவே கூடாது என்று 1836இல் கொண்டுவந்த விதியை எதிர்த்து, 1844இல் அது நீக்கப்படும் வரையில் வயோதிக காலத்தில் மன்றாடினார். அமிஸ்டாட் என்ற கப்பலில் கடத்தி வரப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்காக 1841இல் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். 1848 பிப்ரவரியில் சபையில் தம் ஆசனத்திலேயே மயங்கிச் சாய்ந்து, அந்தக் கட்டடத்திலேயே உயிர் நீத்தார். அந்தப் பதினேழு வருஷத்து உழைப்பில் தந்தையின் பங்கு ஒன்றுமில்லை. மிச்சிகனின் ஜான் டிங்கெல், தந்தை இறந்த இடத்துக்கு 1955இல் வந்தவர்தான்; தந்தை விரும்பிய தேசிய ஆரோக்கிய இன்ஷ்யூரன்ஸ் மசோதாவை ஒவ்வொரு காங்கிரஸிலும் மறவாமல் கொண்டுவந்துகொண்டே இருந்தார். கணவரின் ஸ்தானத்துக்கு 1940இல் வந்த மெய்ன் மாநிலத்து மார்கரெட் சேஸ் ஸ்மித், பத்து வருஷம் கழித்து, ஜோசஃப் மக்கார்த்தியின் அவதூறு இயக்கத்துக்கு அஞ்சி ஆண்மக்கள் வாய் திறவாதிருந்த காலத்தில், அவருடைய சொந்தக் கட்சியிலிருந்தே எழுந்து நின்று கண்டித்தார். பெண்களுக்கு வேறு வாசல் அடைத்திருந்த நாளில் குடும்பப் பெயர் ஒரு வாசலாக இருந்தது என்பதையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. இவர்களுக்கெல்லாம் நான் வாக்களித்திருப்பேன். அவர்களுடைய செயலைக் கண்டு வாக்களித்திருப்பேன்.

பெயர் ஒன்றாயிருப்பதனால் கொள்கையும் ஒன்றாயிருக்கும் என்று நினைப்பவர்கள் 1924ஆம் ஆண்டு நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். கவர்னர் பதவிக்கு நின்ற தியடோர் ரூஸ்வெல்ட்டின் மகனை எதிர்த்து, அவருடைய சிற்றப்பன் மகளான எலியனார் ரூஸ்வெல்ட் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். டீபாட் டோம் எண்ணெய் ஊழலை ஜனங்களுக்கு நினைவூட்டுவதற்காக, காகிதக் கூழால் செய்த பிரம்மாண்டமான தேநீர்க் கெண்டி ஒன்றைத் தம் மோட்டார் வண்டியின் மேல் பொருத்தி, அதன் மூக்கிலிருந்து ஆவி வெளிவரும்படி செய்து, சகோதரர் பேசிய ஊர்களுக்கெல்லாம் பின்தொடர்ந்து சென்றார். அந்தச் சகோதரர் அந்த ஊழலில் குற்றமற்றவர்; அது தகாத செயல் என்று எலியனார் அம்மையாரே பிற்காலத்தில் வருந்தினார். ஒரே பெயர், ஒரே இரத்தம், ஒரே தேர்தல். ரூஸ்வெல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டவர் எந்த ரூஸ்வெல்ட்டுக்குப் போட்டார்?

அலாஸ்காவில் நடந்ததும் உங்கள் கவனத்துக்குரியது. செனட்டராயிருந்த ஃபிராங்க் முர்கோவ்ஸ்கி 2002இல் கவர்னரானதும், தாம் காலி செய்த ஸ்தானத்தில் தம் மகள் லீசாவையே நியமித்தார். ஜனங்கள் கொதித்தார்கள்; செனட் ஸ்தானத்தை நிரப்பும் கவர்னரின் அதிகாரத்தை 2004இல் வாக்கெடுப்பு நடத்திக் குறைத்தார்கள். அது வரையில் நானும் அவர்களோடு சேர்ந்து கொதிப்பேன். ஆனால் 2010இல் உட்கட்சித் தேர்தலில் அந்த அம்மையார் தோற்றார். சீட்டில் பெயரே அச்சிடப்படாத நிலையில், வாக்காளர் தம் கையால் பெயரை எழுதிப் போடும் முறையில் நின்றார். எழுத்துக்கூட்டுவதற்குக் கடினமான பெயர். அதை அச்சிட்ட ரப்பர்க் கைவளையங்களை ஆதரவாளர்கள் ஊரெங்கும் விநியோகித்தார்கள். வாக்குச்சாவடிக்குச் சென்றவர்கள் எழுத்துப் பிழையில்லாமல் எழுதப் பழகிக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தந்தையால் நியமனம் பெற்றவருக்கும், வாக்காளர் ஒவ்வொருவரும் பேனாவால் எழுதித் தேர்ந்தெடுத்தவருக்கும் உள்ள பேதத்தை நீங்களே உணர்வீர்கள். பெயர் அதுவேதான், முன்னது பெறப்பட்டது, பின்னது ஈட்டப்பட்டது.

இனி, நம் மக்களைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. தந்தையின் பெயரில் முதலெழுத்தைத் தலைப்பில் வைத்துக்கொண்டோம். இங்கு வந்ததும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்ததனால் அந்தத் தந்தை பெயரையே நீட்டி எழுதினோம். அவ்வாறு நீண்ட பெயரைத் தாங்கி நம் பிள்ளைகள் தேர்தலில் நிற்கும்போது, பழகிய பெயரைத் தேடும் வாக்காளரின் கண் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. இல்லினாயின் ராஜா கிருஷ்ணமூர்த்தி, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், 2010இல் மாநிலப் பதவிக்கும் 2012இல் காங்கிரஸுக்கும் நின்ற உட்கட்சித் தேர்தல்களில் தோற்று, 2016இல்தான் ஜெயித்தார். தங்கள் வாசற்கதவுக்கு வந்த அவருடைய பேச்சைப் பொறுமையாகக் கேட்ட அந்நியர்கள் அன்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொறுமையை அவர்கள் நமக்குக் காட்டியிருக்க, நாம் மற்றவர்களுக்குக் காட்ட மறுக்கலாமா? மற்றொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்து வாஷிங்டன் மாநிலத்தின் பிரதிநிதியாக விளங்கும் பிரமிளா ஜெயபாலின் உடன்பிறந்தவரான சுசீலா ஜெயபால், 2024இல் அண்டை மாநிலமான ஓரிகனில் காங்கிரஸுக்கு நின்றார், ஜெயிக்கவில்லை. அவர் தம் மாவட்டத்தில் கமிஷனராகச் சேவை செய்த அனுபவத்தோடுதான் நின்றார். அவரைக் குறை கூற எனக்கு உத்தேசமில்லை. நம் ஊர்ப் பெயர்களும் வாக்குச்சீட்டில் இரண்டாம் முறை தோன்றும் காலம் வந்துவிட்டது என்பதையே சுட்டுகிறேன். அன்று நாம் பிறருக்குச் சொன்ன நியாயம் நமக்கும் செல்லுபடியாக வேண்டும்.

பெயரின் பலம் எங்கே உற்பத்தியாகிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். எர்னஸ்டோ டால் போ, பெட்ரோ டால் போ, ஜேசன் ஸ்னைடர் ஆகிய மூன்று அறிஞர்கள், அமெரிக்கக் காங்கிரஸின் சரித்திரம் முழுவதையும் ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் முறை மறுதேர்தலுக்கு நின்று மயிரிழையில் ஜெயித்தவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். திறமையில் இவ்விரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. ஆயினும் ஜெயித்து நீடித்தவர்களின் உறவினர் பிற்காலத்தில் காங்கிரஸுக்கு வரும் வாய்ப்பு அதிகமாயிருந்தது. அதிகாரத்தில் நீடித்ததே அடுத்த தலைமுறையின் அதிகாரத்துக்கு வித்தாகிறது. அறிவோ குணமோ இரத்தத்தில் இறங்கி வருவதாக இதற்கு அர்த்தம் செய்ய வேண்டியதில்லை. நன்கொடையாளரின் ஜாபிதா, பத்திரிகைகளின் கவனம், கட்சித் தலைவர்களின் பரிச்சயம், இவையெல்லாம் பெயரோடு சேர்ந்து வருகின்றன.

வாக்காளர் குறைவாக வரும் தேர்தலில்தான் இந்தப் பலம் முழு வேகத்தோடு வேலை செய்கிறது. நவம்பர்த் தேர்தலில் கட்சியின் பெயர் சீட்டில் இருப்பதனால் பலர் அதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலிலோ எல்லோரும் ஒரே கட்சியினர். அங்கே அறிமுகமில்லாத வாக்காளருக்குப் பிடிமானமாயிருப்பது பெயர் ஒன்றே. நம்மவரில் எத்தனை பேர் பிரைமரிக்குப் போகிறார்கள்? நவம்பரில் வாக்களித்தால் கடமை தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் ஒரு கட்சியே ஓங்கி நிற்கும் தொகுதிகளில் பிரைமரியில்தான் பிரதிநிதி நிச்சயமாகிறார். நமக்குக் கதவைத் திறந்த செல்லர், 50 வருஷம் சபையில் இருந்தவர், 1972இல் பிரைமரியில் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்ற இளம் வக்கீலிடம் சில நூறு வாக்குகளில் தோற்றார் என்றால், ஒரு தெருவிலுள்ளவர்கள் சேர்ந்து எவ்வளவு பெரிய மாறுதலைச் செய்யலாம் என்று யோசியுங்கள். 2020 செப்டம்பர் 1ஆம் தேதி, மாசசூசெட்ஸில் ராபர்ட் கென்னடியின் பேரனான ஜோசஃப் கென்னடி, பால் வண்டி ஓட்டியவரின் மகனான எட்வர்ட் மார்க்கியிடம் செனட்டுக்கான பிரைமரியில் தோற்றார். அம்மாநிலத்தில் கென்னடி குடும்பத்தார் ஒருவர் காங்கிரஸுக்கான தேர்தலில் தோற்றது அதுவே முதல் முறை. 2022 மே மாதம் டெக்சாஸில் புஷ் குடும்பத்துப் பேரன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கான உட்கட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் தோற்றார். தோற்றவர்களைவிட ஜெயித்தவர்கள் மேலானவர்களா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம், எனக்கே உண்டு. ஜனங்கள் பெயரைத் தாண்டி ஆளைப் பார்த்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆதலால் உங்களிடம் என் விண்ணப்பம் இதுவே. உங்கள் மாநிலத்தின் அடுத்த பிரைமரி எந்தத் தேதியில் என்று இவ்வாரமே தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் கட்சியின் அங்கத்தினராக முன்கூட்டியே பதிவு செய்திருந்தாலன்றி அதில் வாக்களிக்க முடியாது. எக்கட்சியிலும் சேராமல் இருப்பதே கண்ணியம் என்று கருதி இங்கே பல தமிழ்க் குடும்பங்கள் தங்கள் உரிமையில் பாதியைக் கைவிட்டிருக்கின்றன. அந்தப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். பெரும் பெயருடைய அபேட்சகர் ஒருவர் உங்கள் நண்பர் வீட்டு நிதி திரட்டும் விருந்துக்கு வந்தால், அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால், தந்தையும் பாட்டனாரும் செய்தவற்றை நீக்கிவிட்டுத் தாம் செய்த காரியத்தை மட்டும் சொல்லும்படி கேளுங்கள்; தம் குடும்பத்தாரோ கட்சிப் பெரியவர்களோ தவறு செய்தபோது அவர்களோடு அவர் மாறுபட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லும்படி கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் பதில் வரும் வரையில் காசோலையில் கையெழுத்திடாதீர்கள். நல்ல பதில் வந்தால் தாராளமாக ஆதரியுங்கள்.

தமிழ்ச் சங்கங்களை நடத்தும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரபலமான ஒருவரை மட்டும் பொங்கல் விழா மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதை விட்டுவிட்டு, கட்சி சார்பில்லாமல், உங்கள் தொகுதியில் நிற்கும் அபேட்சகர்கள் அனைவரையும் பிரைமரிக்கு முன்பே ஒரு மாலையில் அழையுங்கள். பெயர் தெரியாதவர்களுக்கும் அதே நேரம், அதே மேடை, அதே ஒலிபெருக்கி கொடுங்கள். பதினெட்டு வயது நிரம்பிய நம் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தி, கேள்விகளை அவர்களே கேட்கும்படி செய்யுங்கள். இந்த வருஷத்துப் பிரைமரி கடந்துவிட்ட ஊர்களில் உள்ளவர்கள், அடுத்ததற்கான நாளை இப்போதே குறித்து, கூடத்தை இப்போதே பதிவு செய்யுங்கள்.

தங்கள் அன்புள்ள,
உங்களுள் ஒரு வாக்காளன்